குதிரையின் கால்மூட்டும் ஒரு துளி நீரும்

(இளம் அறிவியல், மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

முன்னுரை

குதிரை என்றவுடன் தமிழ் மக்களின் நினைவுக்கு முதலில் வருபவர் மாணிக்கவாசகர். பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு புறப்பட்ட அமைச்சர், திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு ஆட்கொள்ளப்பட்டதையும், நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்ததையும், இறுதியில் அவர் நம் தில்லையில் இறைவனோடு கலந்ததையும் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். இக்கதைக்குள் ஒரு வரலாற்று உண்மையும் இருக்கிறது. தமிழ்நாட்டு மன்னர்கள் குதிரைகளைப் பெரும்பாலும் விலைக்கு வாங்கினார்கள். குதிரை கடல்வழி வந்ததைப் பட்டினப்பாலையே கூறுகிறது.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டு அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை வாங்கியதாகவும், அவற்றுள் பெரும்பகுதி விரைவில் மாண்டதாகவும் எழுதி வைத்தார். அதற்கு அவர் கூறும் காரணம் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. குதிரைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர் இங்கே இல்லை. விற்ற வணிகரோ அத்தகையோரை இங்கே வரவிடவில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம் நடக்கும்! அறியாமை ஒருவருக்கு இழப்பாகவும் மற்றொருவருக்கு வருவாயாகவும் இருந்த நிலை அது.

நம் மாவட்டத்திற்கும் குதிரைக்கும் தொடர்பு உண்டு. 1690-இல் ஆங்கிலேயர் வசமான புனித டேவிட் கோட்டை நம் தேவனாம்பட்டினத்தில்தான் இருந்தது. 1781 ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் ஐதர் அலியின் பெருங்குதிரைப் படை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையோடு மோதியது. அந்தக் காலம் போய்விட்டது. பின்னர் வந்த ஜட்கா வண்டிக் காலமும் போய்விட்டது. சிதம்பரம் புகைவண்டி நிலையத்திலிருந்து கீழவீதி வரை ஜட்கா ஓட்டியவர் என் தாத்தா. இன்று எங்கள் குடும்பத்தில் எஞ்சியிருப்பது கடலூரில் என் தாய்மாமன் வைத்திருக்கும் ஒரே ஒரு பெண்குதிரை. அதன் பெயர் ராசாத்தி. மாலையில் வெள்ளிக் கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிச் செல்லும். முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை ஊர்வலத்திற்குப் போகும். அந்த ராசாத்தியின் காலால் நான் கற்ற பாடமே இக்கட்டுரை.

நடந்தது என்ன?

சென்ற ஐப்பசி மாதம் ஓர் ஊர்வலம் முடிந்து வந்த ராசாத்தி வலது முன்காலைச் சற்றுத் தாங்கித் தாங்கி நடந்தது. குளம்புக்கு மேலே உள்ள மூட்டில் இலேசான வீக்கம். ஒரு வாரம் ஓய்வு கொடுத்திருந்தால் போதுமோ என்னவோ! ஆனால் அடுத்தடுத்து முகூர்த்தங்கள் இருந்தன. மாடுகளுக்கு ஊசி போட்டுப் பழகிய ஒருவர் வந்து, “மூட்டுக்குள்ளேயே மருந்தைப் போட்டா ரெண்டே நாள்ல ஓடும்” என்றார். மாமா என்னைப் பார்த்து, “தம்பி, நீ படிச்ச புள்ள. நீ சொல்லு, போடலாமா?” என்று கேட்டார். விலங்கியல் மாணவன் என்ற பெருமிதத்தில், “போடலாம் மாமா” என்றேன். குதிரையின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டவனும் நானே.

அவர் கை கழுவவில்லை. தோலை ஒரே ஒரு முறை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். மருந்துக் குப்பியோ முன்பே பலமுறை குத்தி எடுக்கப்பட்டது. கல்லூரி ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்ப்புத் தட்டைத் திறக்கும் முன் கம்பியைத் தீயில் சிவக்கக் காட்டும் நான், உயிருள்ள மூட்டுக்குள் ஊசி போகும்போது வாய் திறவாமல் நின்றேன். மூன்றாம் நாள் காலை ராசாத்தி அந்தக் காலைத் தரையில் ஊன்றவே இல்லை.

அறிந்திருந்தும் பயன்படுத்தாத அறிவால் என்ன பயன்? அன்று முதல் குதிரையின் காலைப் பற்றிக் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைச் சக மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

விரல் நுனியில் நிற்கும் விலங்கு

குதிரையின் முன்காலில் நாம் முழங்கால் என்று சொல்லும் இடம் உண்மையில் நம் மணிக்கட்டுக்கு இணையானது. அதற்குக் கீழே ஒரு நீண்ட தனி எலும்பு இருக்கிறது. அது நம் உள்ளங்கையின் நடுவிரல் எலும்புக்கு இணையானது. கேனன் எலும்பு என்பர். அதன் இருபுறமும் மெல்லிய குச்சிபோல் இரண்டு பக்க எலும்புகள் ஒட்டி நின்று, பாதி வழிக்கு மேல் சென்றதும் மறைந்துவிடும். பரிணாமத்தில் தேய்ந்துபோன விரல்களின் எச்சங்களே அவை. அப்படியானால் குதிரை நிற்பது நடுவிரல் நுனியில்! குளம்பு என்பது பெருத்து உறைபோலான நகமே.

கேனன் எலும்பின் அடியில் மூன்று மூட்டுகள் அடுத்தடுத்து உள்ளன. முதலாவது ஃபெட்லாக் மூட்டு. அதன் பின்புறம் எள்ளின் பெயரால் செசமாய்டு என வழங்கும் இரண்டு சிறு எலும்புகள் உண்டு. இரண்டாவது, குளம்புக்கு மேலுள்ள சாய்வான பகுதியில் இருக்கும் பாஸ்டர்ன் மூட்டு. மூன்றாவது மூட்டு பெரும்பாலும் குளம்புக்குள்ளேயே மறைந்து கிடக்கிறது. அதன் பின்னே படகு வடிவில் ஒரு சிற்றெலும்பும், அதை உரசிச் செல்லும் தசைநாணுக்கு மெத்தைபோல் ஒரு நீர்ப்பையும் இருக்கின்றன.

இப்பகுதியில் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மணிக்கட்டுக்குக் கீழே குதிரைக்குத் தசை என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை. தோல், தசைநாண், எலும்பிணைப்பு நார், இரத்தக்குழாய், நரம்பு, எலும்பு அவ்வளவே. ஆகவே மூட்டுக்கும் வெளியுலகிற்கும் இடையே உள்ள சுவர் மிக மெல்லியது. ஒரு முள்ளோ கண்ணாடிச் சில்லோ மூட்டை எளிதில் எட்டிவிடும். 400 கிலோவுக்கு மேற்பட்ட உடலில் ஏறத்தாழ 60 விழுக்காடு எடையை முன்கால்களே தாங்குகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இம்மூட்டுகளின் அருமை விளங்கும்.

மூட்டுநீர் என்னும் எண்ணெய்

வண்டிச் சக்கரத்தின் அச்சுக்கு மசகு போடுகிறோம் அல்லவா? இயற்கை மூட்டுக்கு இட்ட மசகே மூட்டுநீர். மூட்டுறையின் உட்சவ்வு இதைச் சுரக்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி வடிகட்டப்பட்டு உள்ளே வர, அதனோடு ஹயலூரானிக் அமிலம் சேர்ந்து வழவழப்பைத் தருகிறது. மூட்டுப் பரப்பைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் கிடையாது. அதற்கு உணவு கொண்டு வருவதும் பெரும்பாலும் இந்த நீரே. எனவே நீர் கெட்டால் குருத்தெலும்பு பட்டினி கிடக்கும். சீழணுக்கள் உமிழும் நொதிகளால் அரிக்கவும்படும். ஒரு முறை அழிந்த குருத்தெலும்பு முன்போல் மீண்டும் வளர்வதில்லை. மூட்டில் கிருமி புகுந்தால் மணிக்கணக்கில் விரைந்து செயல்பட வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஊசிக்கு முன் நூறு முறை

நான்காம் நாள் விடியற்காலை ஒரு சிறு லாரியில் ராசாத்தியை ஏற்றிக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றின் மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கிருந்த பெண் மருத்துவர் காலைத் தொட்டுப் பார்த்தவுடன் மாமாவிடம், “ஐயா, ஊசி போட்டு எத்தனை நாளாச்சு?” என்றுதான் கேட்டார். நாங்கள் ஊசியைப் பற்றி அதுவரை வாய் திறக்கவில்லை.

அவர் செய்த ஆயத்தத்தை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். முதலில் குதிரைக்கு மயக்கம் தரும் மருந்தைச் சிறிதளவு கழுத்து நரம்பில் செலுத்தினார். குதிரை நின்றபடியே தலை தாழ்த்தி அமைதியானது. பிறகு மூட்டைச் சுற்றி முடி வெட்டப்பட்டது. கிருமிநாசினிச் சோப்புக் கரைசலால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தேய்த்துக் கழுவி, துணியை மாற்றி மாற்றி, ஐந்து நிமிடத்திற்குக் குறையாமல் அதே வேலை நடந்தது. இறுதியில் சாராயக் கரைசலால் துடைத்தார்கள். மருத்துவர் கைகளைக் கழுவி, உறை பிரிக்காத புதிய கையுறை அணிந்தார். ஊசியும் புதிது, குழலும் புதிது, மருந்துக் குப்பியும் அப்போதுதான் திறக்கப்பட்டது. எங்கள் வீட்டு வாசலில் அரை நிமிடத்தில் முடிந்த காரியத்திற்கு அங்கே அரை மணி நேரம் ஆயிற்று. ஊசி குத்துவது அதில் கடைசி நிமிடம் மட்டுமே.

இன்னொரு விதியையும் அவர் சொன்னார். ஊசி நுழையும் இடத்தில் தோலில் புண்ணோ சீழோ இருக்குமானால் அவ்வழியே ஒருபோதும் மூட்டுக்குள் போகக்கூடாது. போனால் வெளியே இருக்கும் கிருமியை நாமே உள்ளே அழைத்துச் செல்வதாகும்.

எந்த வழியாக?

ஃபெட்லாக் மூட்டிலிருந்து நீர் எடுக்க வழிகள் பல. காலின் வெளிப்பக்கத்தில், கேனன் எலும்பின் பின்விளிம்புக்கும் அதன் பின்னே இறங்கும் தாங்குநாரின் கிளைக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. மேலே பக்க எலும்பின் நுனியும் கீழே செசமாய்டு எலும்பும் அதன் எல்லைகள். மூட்டுநீர் மிகும்போது இப்பள்ளம் உப்பிக் கண்ணுக்கே தெரியும். குதிரை காலை ஊன்றி நிற்கும்போதே 20 கேஜ் அளவுள்ள மெல்லிய, ஓர் அங்குல நீள ஊசியை இங்கே செலுத்தலாம். ஆனால் இவ்விடத்தில் உட்சவ்வின் விரல் போன்ற முளைகள் மிகுதி. அவை ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும்; இரத்தமும் கலந்துவிடும்.

ஆகவே காலைத் தூக்கி மடக்கிப் பிடித்து, கேனன் எலும்புக்கும் செசமாய்டு எலும்புக்கும் நடுவே திறக்கும் இடைவெளியில் பக்கவாட்டு நாரைத் துளைத்துச் செல்லும் வழியும் உண்டு. இதில் இரத்தக் கலப்பு குறைவு. ராசாத்திக்கு மருத்துவர் தேர்ந்தெடுத்தது இந்த வழியே. மூட்டின் முன்புறமாகவும் நுழையலாம்.

குளம்புக்குள் இருக்கும் மூட்டுக்கு முன்புற வழியே பெரிதும் வழக்கம். குளம்பும் தோலும் சேரும் விளிம்புக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மேலே, நடுக்கோட்டிலோ அதற்குச் சற்று விலகியோ ஊசி நுழையும். மணிக்கட்டு மூட்டுகளுக்குக் காலை மடக்கிப் பிடித்து, முன்னே ஓடும் தசைநாணின் பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும் குழியில் நுழைவர். எந்த மூட்டாயினும் முதலில் நீரை எடுத்து, அதன் பிறகே எதையும் உள்ளே செலுத்துவது நல்ல முறை.

இவ்வளவையும் நான் எழுதுவது யாரும் வீட்டில் செய்து பார்ப்பதற்காக அன்று. உடற்கூறு கற்றுப் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே செய்யத்தக்கது இது. வேலை எத்தனை நுட்பமானது என்று தெரிந்தால்தான் தெரியாதவர் கையில் அதை ஒப்படைக்க மாட்டோம்.

நீர் கூறும் செய்தி

நலமான மூட்டின் நீர் வெளிர்மஞ்சள் நிறமும் தெளிவும் உடையது. குழலுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்தைப் படிக்கலாம். ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து விரல்களைப் பிரித்தால், பாகுபோல் இரண்டரை முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை இழை நீளும். அழற்சி வந்தால் இழை அறுந்துவிடும். நீர் தண்ணீர்போல் சொட்டும்.

“தம்பி, நீங்க விலங்கியல் படிக்கிறீங்களா? அப்ப இதைப் பாருங்க” என்று மருத்துவர் குழலை என்னிடம் நீட்டினார். உள்ளே இருந்தது கலங்கிய மஞ்சள் நீர். பின்னால் பிடித்த தாளில் ஓரெழுத்தும் தெரியவில்லை. என் வாழ்நாளில் படித்த பாடங்களுள் மறக்க முடியாத பக்கம், எழுத்தே தெரியாத அந்தப் பக்கம்தான்.

எடுத்த நீரை இரண்டாகப் பிரித்தார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. உப்பு உள்ள குழாயில் ஒரு பகுதி சென்றது; அது அணுக்களை எண்ணுவதற்கு. கிருமியற்ற குப்பியில் மறு பகுதி சென்றது. அது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்ப்பதற்கு. வளர்ப்புச் சோதனையில் பல சமயம் ஒன்றும் முளைப்பதில்லை. அதனால் கிருமி இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. அணுக்களின் எண்ணிக்கையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

கணக்கு எளிமையானது. நலமான மூட்டுநீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு வெள்ளணுக்கள் பொதுவாக 500-க்கும் குறைவு. அவற்றுள் நியூட்ரோஃபில் எனப்படும் வகை 10 விழுக்காட்டுக்கும் கீழே. புரதம் 100 மில்லிலிட்டருக்கு 2 கிராமுக்கும் குறைவு. கிருமி புகுந்த மூட்டிலோ அணுக்கள் 30,000-ஐத் தாண்டும். நியூட்ரோஃபில்கள் 80 அல்லது 90 விழுக்காட்டுக்கு மேல் போகும். புரதம் 4 கிராமுக்கு மேல் ஏறும். ராசாத்தியின் நீர் மூன்றிலும் எல்லையைக் கடந்திருந்தது.

உள்ளே செலுத்துவது எதற்காக?

மூட்டுக்குள் ஊசி போடுவதே தவறு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதற்குத் தக்க பயன்கள் உண்டு.

முதலாவது, வலி எங்கே என்று அறிதல். முன்கால் நொண்டும் குதிரை, வலிக்கும் கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். எந்தக் கால் என்று இதனால் தெரியும். எந்த மூட்டு என்று தெரியாது. மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஒரு மூட்டுக்குள் சிறிதளவு செலுத்திச் சில நிமிடங்கள் கழித்து நடக்க விட்டால், நொண்டல் குறைந்தால் வலியின் இடம் அதுவே எனலாம். குளம்பு மூட்டுக்கு 4 முதல் 6 மில்லிலிட்டர் போதும். அளவு மிஞ்சினால் பக்கத்து உறுப்புகளும் மரத்து, விடை குழம்பிவிடும்.

இரண்டாவது, தேய்ந்த மூட்டுக்கு மருத்துவம். அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தும், இழந்த வழவழப்பை ஈடு செய்ய ஹயலூரானிக் அமிலமும் இவ்வாறு செலுத்தப்படுகின்றன. ஆனால் கிருமி இருக்குமோ என்ற ஐயம் உள்ள மூட்டில் ஸ்டீராய்டு போடுவது வீட்டுக்குள் திருடன் இருக்கும்போது காவலாளியைத் தூங்க வைப்பதற்கு ஒப்பாகும். எங்கள் வீட்டில் நடந்ததோ இன்னும் மோசம். திருடனை ஊசிமுனையில் ஏற்றி நாங்களே உள்ளே விட்டோம்.

மூன்றாவது, காயம் மூட்டு வரை போயிருக்கிறதா என்று சோதித்தல். மூட்டுக்கு அருகே காயம் பட்டால், அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தூய உப்புநீரை மூட்டுக்குள் செலுத்துவர். அந்நீர் காயத்தின் வழியே வெளியே வந்தால் மூட்டு திறந்துவிட்டது என்று பொருள்.

காப்பாற்றிய விதம்

ராசாத்தியைப் படுக்க வைத்து, முழு மயக்கத்தில், மூட்டின் ஒருபுறம் தூய உப்புக்கரைசலைச் செலுத்தி மறுபுறம் வெளியேற்றிப் பல லிட்டர் கொண்டு கழுவினார்கள். கழுவிய பின் மூட்டுக்குள் கிருமிக்கொல்லி வைக்கப்பட்டது. மறுநாள் காலின் மேற்பகுதியில் இறுக்கிக் கட்டுப் போட்டு, கீழே உள்ள நரம்பில் மருந்தைச் செலுத்தி அங்கேயே சிறிது நேரம் தங்க வைத்தார்கள். குதிரைக்குத் தனுர்வாதம் மிக எளிதில் வரும் என்பதால் அதற்கான தடுப்பூசியும் போடப்பட்டது.

இதற்கிடையில் மருத்துவர் அடிக்கடி தடவிப் பார்த்தது நோயில்லாத இடது காலை! காரணம் கேட்டேன். ஒரு காலில் வலி என்று மறுகாலிலேயே பல நாள் பாரம் போட்டு நின்றால், அந்தக் குளம்பின் உட்பகுதியில் அழற்சி வந்து, குளம்பைப் பற்றியிருக்கும் தசைமடிப்புகள் பிரிந்துவிடும். கெட்ட காலைக் காப்பாற்றியும் நல்ல காலால் குதிரையை இழந்தவர்கள் உண்டாம். அதனால் லாயத்தில் மண்ணையும் வைக்கோலையும் தடிமனாகப் பரப்பி, இடது குளம்புக்கும் தாங்கு கொடுத்திருந்தார்கள்.

பத்தொன்பது நாட்களுக்குப் பிறகு ராசாத்தி வீடு திரும்பியது. உயிர் பிழைத்தது. ஆனால் வலது முன்மூட்டு முன்போல் மடங்குவதில்லை. ஊர்வலத்திற்கும் சவாரிக்கும் இனி அது உதவாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முதல் நாளே வந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். மாமா இப்போது கடற்கரையில் சோளம் சுட்டு விற்கிறார். ராசாத்தியை விற்கவில்லை. ஒருநாளும் அவர் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பாரமாக இருக்கிறது.

முடிவுரை

1903-இல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. மார்க்கோ போலோ கண்ட காலத்தில் இல்லாத மருத்துவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். ஆயினும் அவர்களைத் தேடிப் போகாமல் அருகில் கிடைத்த கையை நம்பினால், எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இருந்த நிலையிலேயே நாமும் நிற்கிறோம் என்றுதானே பொருள்?

இக்கட்டுரையிலிருந்து மூன்று செய்திகளை நண்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். ஒன்று: மூட்டுக்கருகில் காயம் பட்ட, அல்லது திடீரென்று காலை ஊன்ற மறுக்கும் குதிரையை அன்றைய தினமே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு: மூட்டுக்குள் ஊசி போடும் முன் எத்தனை முறை கழுவினார்கள் என்று பார்க்க வேண்டும், கழுவாத கையை மரியாதையோடு, ஆனால் உறுதியோடு தடுக்க வேண்டும். மூன்று: “நீ படிச்ச புள்ள, நீ சொல்லு” என்று நம் வீட்டார் கேட்கும்போது, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்து என்னும் வள்ளுவர் கருத்தை மேடையில் பேசுகிறோம். வாசலில் வாயற்ற உயிர் நிற்கும்போது அது நினைவுக்கு வரவேண்டும்.

கல்லூரி விட்டதும் இப்போதும் நான் மாமா வீட்டிற்குப் போகிறேன். ஒரு பிடி கொள்ளு நீட்டினால் ராசாத்தி மெல்ல நொண்டிக்கொண்டே வந்து என் கையிலிருந்து தின்கிறது.